ஆச்சு என்று சொல்லும் முன்

மட்டாஞ்சேரி
14 ஜூலை 2025

ஹிஸானாவுக்கு,

என் எண்ணை உன் ஃபோனில் அடைத்து வைத்திருக்கிறாய். மூன்று வாரமாக அழைத்துப் பார்த்துவிட்டேன். தபால்காரரை அடைக்க முடியாது என்பது நேற்று படகில் வரும்போதுதான் தோன்றியது.

இங்கே மழை விடவில்லை. வெலிங்டன் தீவில் எங்கள் கப்பல் ஏஜென்சி அலுவலகத்தின் மாடி ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், சாரல் அடிப்பதில்லை. உன் மச்சான் பரீத் வழக்கம்போல மழைக்கோட்டை வீட்டில் மாட்டிவிட்டுத் துறைமுகப் படகை ஓட்டப் போகிறார். கேட்டால், "ஸ்ராங்கு நனையாம படகு ஓட்டினா கடலுக்குச் சங்கடமாகும் ரம்லத்து" என்கிறார்.

பெருநாள் அன்று நான் சொன்னதற்காகத்தான் இந்தக் கோபம். உன் கடற்படை ஸ்குவாட்ரனின் மூத்த அதிகாரி நல்லசிவம் சாரும் அவர் மனைவி விசாலாக்ஷியும் பிரியாணிக்கு வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு யூசுப் பாயும் இருந்தார். சார் கேட்டார்: "அஞ்சு வருஷமா விமானத்துல வழி சொல்ற அப்சர்வரா நல்லா பேர் எடுத்துட்டா. இப்ப பைலட் ஆகணும்னு எழுதிக் கொடுத்திருக்கா. வீட்டுல என்னம்மா நினைக்கிறீங்க?" நான் தயிர்ப் பச்சடியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டே, "அவளுக்குச் சொல்லத்தான் தெரியும் சார், செய்யத் தெரியாது. சைக்கிளையே பாதியில விட்டவ" என்றேன். யூசுப் பாய் பெரிதாகச் சிரித்தார். நீ அடுக்களை வாசலில் கறிச்சட்டியோடு நின்றிருந்தாய். சட்டியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாய்.

விளையாட்டாகச் சொன்னேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

அக்கா
ரம்லத்


பயிற்சிப் பள்ளி, தெலங்கானா
27 ஜூலை 2025

அக்காவுக்கு,

ஸலாம் உண்டு, கோபமும் உண்டு. இரண்டையும் ஒரே கவரில் வைத்திருக்கிறேன்.

மலையாளத்தில் எழுதினால் எனக்குச் சுலபம். என் தமிழ் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் உன்னோடு சண்டையை நீ கற்றுக்கொடுத்த பாஷையில்தான் போட வேண்டும். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பாதே.

இங்கே கடல் இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் பாறையும் சோளமும். என்னோடு படிப்பவர்கள் எல்லாம் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். நான் ஏற்கெனவே லெப்டினன்ட் என்பதால் முதல் வாரம் "மேடம்" என்றார்கள். நான் விமானத்தைத் தரையில் உருட்டிய அழகைப் பார்த்த பிறகு இந்தியில் "தீதி", அதாவது அக்கா, என்கிறார்கள். வயதானவர்களுக்கு ரோடு கடக்க உதவும் குரலில்.

விஷயத்தை நேராகச் சொல்கிறேன், பிறகு தெரியாது என்று சொல்லாதே. தனியாகப் பறக்க விடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. தோற்றால் இன்னும் ஒரு தடவை. அதிலும் தோற்றால் பைலட் இல்லை. திரும்பப் போய் அப்சர்வர் ஆகவும் முடியாது, என் இடத்துக்கு ஆள் வந்துவிட்டார். மிச்சமிருக்கும் நாளுக்கு ஒரு மேசையும் ஃபைலும். இதெல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பயமில்லை. நல்ல ஓட்டுணர் ஆவேன்.

சைக்கிள் விஷயம். நான் சைக்கிளை விடவில்லை. நீதான் சீட்டைப் பிடித்த கையை விடவில்லை. உம்மா இறந்த வருஷம், எனக்குப் பத்து வயது. பஜார் ரோட்டில் நாலு மாதம் என் பின்னால் ஓடி வந்தாய். மிளகுக் கடைக்காரர்கள் "எக்ஸ்பிரஸ் வருதே" என்று கத்துவார்கள். வெட்கம் தாங்காமல் நிறுத்தினேன்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். எந்த மேசையில் சொன்னாயோ அதே மேசையில், அதே ஆட்களை உட்காரவைத்து, சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள். கடிதத்தில் எடுத்தால் செல்லாது.

ஹிஸானா


மட்டாஞ்சேரி
6 ஆகஸ்ட் 2025

ஹிஸானாவுக்கு,

'ஓட்டுணர்' அல்ல, 'ஓட்டுநர்'. நீல மையில்தான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். சைக்கிள் வந்த இடத்தில் அவர் சாயாவைக் கீழே வைத்துவிட்டார். "உள்ளதுதானே? நான் அப்பவே சொன்னேன், பிள்ளைய விடு, விழுந்து எணீக்கட்டும்னு. நீ கேட்டியா? அதுக்கப்புறம் உனக்குத்தான் மூச்சு வாங்கிச்சு." அந்த நாலு மாதமும் நீ விழவில்லை என்பதை மட்டும் நான் நினைவில் வைத்திருந்தேன். நீ ஓட்டவும் இல்லை என்பது இருபது வருஷம் கழித்து, ஒரு கடிதத்தில் தெரிகிறது.

மேசை விஷயம். நல்லசிவம் சாரை அழைத்து, ஒரு புன்னகையோடு "அன்னைக்கு தப்பா சொல்லிட்டேன்" என்று சொல்வது எனக்கு அரை நிமிஷ வேலை. ஆனால் நம் வீட்டில் அது செல்லாது, ஏனென்றால் விதியை வைத்தவள் நான். நினைவிருக்கிறதா? அரிசி களைந்தாயா என்றால் "ஆச்சு". கதவைப் பூட்டினாயா என்றால் "ஆச்சு". கை செய்து முடிக்காமல் வாய் மட்டும் ஆச்சு சொன்னால் ஒரு வாரம் எல்லாப் பாத்திரமும் உன் தலையில். ஒருமுறை பூட்டாத கதவுக்கு ஆச்சு சொல்லிவிட்டு, என் கண்ணைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடினாய்.

மனம் திரும்பாமல் வாயால் திருப்பி எடுத்தால் பாத்திரம் கழுவ வேண்டியது நான். கொஞ்சம் நேரம் கொடு.

சோதனை எப்போது?

ரம்லத்


பயிற்சிப் பள்ளி
19 ஆகஸ்ட் 2025

அக்கா,

சோதனை நேற்று. தோற்றுவிட்டேன்.

சோதனை எடுத்தவர் தலைமைப் பயிற்றுநர் வெங்கிடராமன் சார். பாலக்காட்டுக்காரர். வகுப்பில் இங்கிலீஷ், கோபம் வந்தால் தமிழ். சிறிய விமானம், இரண்டே சீட். நான் இடப்பக்கம், அவர் வலப்பக்கம். ஓடுபாதையைச் சுற்றி ஒரு சதுரம் போட்டு வந்து இறங்க வேண்டும். அவ்வளவுதான். பயிற்சி நாட்களில் அவர் ஓயாமல் பேசுவார். நேற்று கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

மேலே ஏறினேன், திரும்பினேன், எல்லாம் சரி. கடைசித் திருப்பம். அதில் திரும்பினால்தான் ஓடுபாதை நேராக முன்னால் வரும். சரியான இடத்தில், தெளிவான குரலில், திரும்ப வேண்டிய திசையின் எண்ணோடு, "இடப்பக்கம், இரண்டு ஏழு பூஜ்யம்" என்றேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

அக்கா, யாராவது திருப்புவார்கள் என்று காத்திருந்தேன்.

ஐந்து வருஷம் அப்படித்தானே. கடலுக்கு மேல் ஆறு மணி நேரம். ரேடாரைப் பார்த்து, வரைபடத்தைப் பார்த்து, எங்கே போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று நான் சொல்வேன். சொன்ன அடுத்த நொடி விமானம் சாயும். என் கை மடியில் இருக்கும். நேற்றும் என் கை மடியில்தான் இருந்தது என்று சார் எழுதியிருக்கிறார். ஓடுபாதை இடப்பக்கமாக அழகாகக் கடந்து போனது. அவர் கட்டுப்பாட்டை வாங்கித் திருப்பினார்.

தரைக்கு வந்ததும் கேட்டார்: "யார்ட்ட சொன்னே நீ? உள்ள நீயும் நானும்தானே இருந்தோம்? என்கிட்ட சொன்னதா இருந்தா சம்பளத்த நீ வாங்கிண்டிரு, நான் ஓட்டறேன்."

பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "சொல்றதுல நூத்துக்கு நூறு. செய்யறதுக்கு மார்க்கே போட முடியலை."

உன் வரி. அவர் உன்னைப் பார்த்ததே இல்லை. இருந்தாலும் உன் வரி.

இரண்டாவது சோதனை செப்டம்பர் 16. மேசைப் பேச்சை இப்போதைக்கு விடு.

ஹிஸானா


மட்டாஞ்சேரி
22 ஆகஸ்ட் 2025

ஹிஸானாவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். இரண்டு கப்பல்களின் வருகை நேரத்தைப் பலகையில் மாற்றி எழுதிவிட்டேன். ஏஜென்ட் ரமேஷ்பாபு, "சேச்சிக்கு இன்னைக்கு என்னாச்சு?" என்று கேட்டார். பலகையை அழித்துத் திருத்தினேன்.

இரண்டு விஷயம் தோன்றியது. ஒன்று, நீ பேசுவதுதானே சிக்கல்? பேசாதே. வாயை மூடிக்கொண்டு கையால் திருப்பு. இன்னொன்று, மச்சான் தினமும் செய்யும் வேலை. வரும் கப்பலுக்குத் துறைமுக பைலட்டைப் படகில் கொண்டு போய் விடுகிறார். அந்த பைலட் ஏணியில் ஏறி மேலே போவார், ஆனால் சுக்கானைத் தொடவே மாட்டார். "இடப்பக்கம் பத்து" என்பார். சுக்கான் பிடிப்பவர் "இடப்பக்கம் பத்து" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத் திருப்புவார். இவ்வளவு பெரிய கப்பல் அந்த ஒரு வாய்ச்சொல்லில் வளைந்து நம் வாய்க்காலுக்குள் வருகிறது. நம் துறைமுகத்தில் சொல்பவருக்குத்தான் பைலட் என்று பேர். அந்தக் கணக்கில் நீ ஐந்து வருஷமாகவே பைலட்தான். அதனால் 16ஆம் தேதி எப்படி முடிந்தாலும் உனக்குக் குறைவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். மேசையில் அப்படி ஏன் சொன்னேன் என்று இத்தனை நாளாக என்னை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். நீ இங்கிருந்து பறந்த நாட்களில், உன் விமானம் தீவுக்கு மேல் தாழ்ந்து வரும்போது பேனாவை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போவேன். எது உன்னுடையது என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் எழுந்து நிற்பேன். ரமேஷ்பாபு, "சேச்சி நேவிக்கு சல்யூட் அடிக்குது" என்று கேலி செய்வார். பைலட் ஆனால் உன்னை எங்கே அனுப்புவார்களோ. அன்று சார் கேட்டபோது அந்த ஜன்னல்தான் கண்முன் வந்தது. வாயில் வந்ததோ சைக்கிள்.

மறுபடியும் சீட்டைப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது.

ரம்லத்


பயிற்சிப் பள்ளி
2 செப்டம்பர் 2025

அக்கா,

உன் முதல் யோசனை என்னைக் கிட்டத்தட்ட வீட்டுக்கு அனுப்பியது.

மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு பறந்தேன். இரண்டாம் நாள் வேகம் குறைந்ததைக் கவனிக்கவே இல்லை. வெங்கிடராமன் சார் கத்தின கத்தலில் சோளக்காட்டுக் கிளிகள் பறந்திருக்கும். அப்போதுதான் புரிந்தது. நான் சொல்வதால்தான் பார்க்கிறேன். வாயை மூடினால் கண்ணும் மூடிக்கொள்கிறது. ஐந்து வருஷப் பழக்கத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு ஆளாகப் பறக்க என்னால் முடியாது, தேவையும் இல்லை.

இரண்டாவது யோசனை படித்து இன்னும் கோபம் வந்தது. தோற்றாலும் குறைவில்லையாம். தோற்பதற்காக இவ்வளவு தூரம் வந்து சோளரொட்டி தின்கிறேனா? ஆறுதலை அவசரமாக அனுப்பாதே, தேவைப்பட்டால் நானே கேட்டு எழுதுவேன்.

ஆனால் கோபத்தில் கடிதத்தை மறுபடி படித்தபோது உன் பைலட்டை விட்டுவிட்டு அந்தச் சுக்கான்காரரைப் பார்த்தேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் திருப்புகிறார் பார், அவர். என் விமானத்தில் அந்த ஆள்தான் இல்லை. சொல்ல ஆள் இருக்கிறது, பதில் சொல்ல ஆள் இல்லை.

மறுநாள் போய் ஒரு காரியம் செய்தேன். "இடப்பக்கம், இரண்டு ஏழு பூஜ்யம்" என்று சொன்னேன். உடனே, "ஆச்சு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கை திருப்பிவிட்டது. தானாக! பூட்டாத கதவுக்கு ஓடினது போல. பாத்திரம் கழுவின பயம் இன்னும் இந்தக் கையில் இருக்கிறது அக்கா. செய்யாததற்கு ஆச்சு சொல்ல இதற்குத் தெரியாது.

நாலு நாளாக எல்லாவற்றுக்கும் ஆச்சுதான். வேகம், ஆச்சு. சக்கரம், ஆச்சு. சார் கேட்டார், "என்னது அது, நடுவுல நடுவுல தும்மறே?" எங்கள் வீட்டு விதி என்றேன். "உங்காத்துல யாரு அவ்வளவு கறார்?" என்றார். அக்கா என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஜன்னல் பற்றி எழுதினாய். அதற்கு எப்படிப் பதில் எழுதுவதென்று என் எட்டாம் வகுப்புத் தமிழுக்குத் தெரியவில்லை. வலப்பக்கச் சீட்டுக்குப் பின்னால் இருந்த வட்ட ஜன்னல் என்னுடையது. ஒவ்வொரு முறையும் உங்கள் கட்டடத்தின் துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த பிறகுதான் வரைபடத்தை மடிப்பேன். இதை மட்டும் எழுத முடிகிறது.

ஒரு வேண்டுகோள். மேசையில் எதையும் 16ஆம் தேதிக்கு முன்னால் செய்யாதே. நான் ஜெயித்தால் செய். தோற்றால் நீ சொன்னது உண்மையாகிவிடும், திருப்பி எடுக்க ஒன்றும் இருக்காது.

ஹிஸானா


மட்டாஞ்சேரி
9 செப்டம்பர் 2025

ஹிஸானாவுக்கு,

நீ சொன்னதைக் கேட்கவில்லை.

ஓணம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் அழைத்துவிட்டேன். நல்லசிவம் சார், விசாலாக்ஷி, யூசுப் பாய், மச்சான். அதே மேசை, அதே பிரியாணி. தயிர்ப் பச்சடியைக்கூட அதே இடத்தில் வைத்தேன். மச்சான் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சோறு பரிமாறின பிறகு நின்றுகொண்டே சொன்னேன்.

"சார், பெருநாளைக்கு இதே இடத்துல வச்சு, ஹிஸானாவுக்குச் சொல்லத்தான் தெரியும், செய்யத் தெரியாதுன்னு சொன்னேன். அது தப்பு. அவ செய்வா. சைக்கிளையும் அவ விடல. நான்தான் பிடிச்ச பிடிய விடல. இத நான் எல்லார் முன்னாடியும் திருப்பி எடுத்துக்கிறேன்."

யூசுப் பாய், "அன்னைக்கு சிரிச்சது நான்தானே? அப்ப நானும் திருப்பி எடுக்கணுமா?" என்றார். "எடுங்க பாய்" என்றார் விசாலாக்ஷி. பாய் எழுந்து நின்று, மிகவும் முயன்று, சிரிக்காத முகம் ஒன்றை வைத்துக் காட்டினார். அதைப் பார்த்து நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம்.

நல்லசிவம் சார் கேட்டார்: "முதல் சோதனையில போயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். ரெண்டாவது இன்னும் நடக்கலையே. பாஸாகட்டும்னு காத்திருக்கலாமேம்மா?"

"பாஸான பிறகு சொன்னா அத ஊரே சொல்லும் சார்" என்றேன். "வீட்டுல இருக்கிறவ முன்னாடியே சொல்லணும்."

என் மனம் திரும்பியது எப்போது தெரியுமா? உன் கடிதத்தில் ஆறுதலை அவசரமாக அனுப்பாதே என்று படித்த இடத்தில். பத்து வயதில் இதைத்தான் என்னிடம் சொல்லப் பார்த்திருக்கிறாய். அப்போது எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, காதில் விழவில்லை.

16ஆம் தேதி நான் ஜன்னலுக்குப் போகப் போவதில்லை. அன்று மூன்று கப்பல் வருகிறது, வேலை இருக்கிறது. நீ உன் வேலையைப் பார்.

மேசை: ஆச்சு.

ரம்லத்


பயிற்சிப் பள்ளி
17 செப்டம்பர் 2025

அக்கா,

வரிசையாகச் சொல்கிறேன், இடையில் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. நீ தாவுவாய் என்று தெரியும்.

உன் கடிதம் 15ஆம் தேதி சாயங்காலம் வந்தது. மெஸ்ஸில் எல்லார் நடுவிலும் நின்று படித்தேன். யூசுப் பாய் முகம் வைத்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிள்ளைகள், தீதிக்குப் பரீட்சை பயத்தில் என்னவோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொண்டு வந்தார்கள்.

நேற்று காலை ஆறு நாற்பது. வெங்கிடராமன் சார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் என் பாட்டுக்குச் சொன்னேன், என் பாட்டுக்குப் பதில் சொன்னேன். கடைசித் திருப்பம் வந்தது. "இடப்பக்கம், இரண்டு ஏழு பூஜ்யம்." "ஆச்சு." ஓடுபாதை நேராக வந்து மூக்குக்கு முன்னால் நின்றது, நாம் அழைத்ததற்கு வந்த மாதிரி. இறங்கினோம். சார் எஞ்சினை நிறுத்தாதே என்று சைகை காட்டினார். கதவைத் திறந்து இறங்கினார். தன் சீட்டு பெல்ட்டை அவரே மாட்டி இறுக்கினார், காலிச் சீட்டில் அது ஆடக் கூடாது. கதவைச் சாத்தும் முன் சொன்னார்: "போய்ட்டு வா. சண்டை போட ஆள் இல்லைன்னு கவலைப்படாதே. நீயே ரெண்டு பேர்."

தனியாகப் போனேன். ஒரு ஆள் எடை குறைந்ததில் விமானம் என்ன சுறுசுறுப்பாக ஏறுகிறது தெரியுமா! பயம் வருமா என்று பார்த்தேன். அதற்கு நேரமில்லை. சொல்லவும் செய்யவும் சரியாக இருந்தது.

கடைசித் திருப்பத்தில் ஒரு சின்னத் தவறு. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் செய்தி சொல்லிவிட்டு ரேடியோ பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டேன். "ஆச்சு" கோபுரத்துக்கே கேட்டுவிட்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு வடநாட்டுக் குரல் குழம்பிப் போய், "மறுபடி சொல்லுங்கள்?" என்றது. நான் பதில் யோசிப்பதற்குள் தரையிலிருந்து வெங்கிடராமன் சாரின் குரல் ரேடியோவில் வந்தது. சுத்த இங்கிலீஷில், "திரும்பி முடித்துவிட்டார் என்று அர்த்தம். அவர் வீட்டு வழக்கம்" என்றார்.

நன்றாக இறங்கினேன். மிக நன்றாக என்று எழுதினால் நீ பெருமை என்பாய். மிக நன்றாக இறங்கினேன். என் அறிக்கையில் சார் எழுதியிருப்பது: தனக்குத் தானே பேசுகிறார், பதிலும் சொல்கிறார், இரண்டும் சரி.

பைலட் சின்னம் குத்த இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது. அதற்குப் பிறகு எங்கே அனுப்புவார்கள் என்று தெரியாது. கொச்சியைக் கேட்டு எழுதப் போவதில்லை. எங்கே பெரிய விமானம் கொடுக்கிறார்களோ அங்கே போவேன். உன் ஜன்னல் எனக்கு நினைவிருக்கும், தண்ணீர்த் தொட்டிக்குப் பெயிண்ட் அடிக்க விடாதே.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் கடிதத்தை நிறுத்தாதே. ஓட்டுநருக்கு எந்த ந என்று இப்போதுதான் பழகியிருக்கிறேன்.

டிசம்பரில் பத்து நாள் விடுப்பு. மச்சானிடம் சொல்லி அந்தச் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைக்கச் சொல். பஜார் ரோட்டில் ஒரு சுற்று போக வேண்டும். நீ பின்னால் ஓடி வர வேண்டாம், கேரியரில் ஏறி உட்கார்.

வழி நீ சொல். ஆச்சு நான் சொல்கிறேன்.

ஹிஸானா